மலைவிழுங்கியின் முகம்

எங்கள் ஆட்டத்தில் வரும் பூதத்தின் பெயர் மலைவிழுங்கி. பெயர் வைத்தது நான், படம் வரைந்தது வீரேந்திரன், கம்ப்யூட்டருக்குள் அவனை நடக்க வைத்தது என் தம்பி கலையரசன். "மூணு பேரும் சேர்ந்து ஒரு பூதத்தைப் பெத்து வெச்சிருக்குதுங்க" என்று அம்மா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அதில் பெருமை கம்மி, கிண்டல் ஜாஸ்தி.

வீடியோ கேம் என்றதும் மூக்கைச் சுளிக்கிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே சுளித்துவிட்டார்கள், இன்னும் நாலு பேர் சுளித்தால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. கல்யாணத்துக்குப் போனால் "கீதாஞ்சலி இப்ப இன்னா பண்றா?" என்று கேட்பார்கள். "பூதம் வளக்குறேன்" என்பேன். அதற்குமேல் கேட்க மாட்டார்கள்.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி எங்கள் வீடு. கீழே அம்மாவின் டிபன் கடை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரே அறையில் மூன்று கம்ப்யூட்டர், ஒரு பெரிய டிவி, ஒரு டேபிள் ஃபேன். வெயில் காலத்தில் கீழே இட்லி வேகிறதா, மேலே நாங்கள் வேகிறோமா என்று சந்தேகம் வரும். ஜன்னலைத் திறந்தால் மலை, கதவைத் திறந்தால் மலை. அதனால்தானோ என்னவோ, கதை யோசிக்க உட்கார்ந்தபோது எனக்கும் ஒரு மலையைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

கதை இதுதான். ஒரு மலை, அதைச் சுற்றி ஒரு பாதை, பாதையில் எட்டு வாசல். தும்பை என்று ஒரு சின்னப் பெண், அவளுக்கு வண்டு என்று ஒரு தம்பி. பனைமர உயரத்துக்கு ஒரு பூதம் வந்து வண்டைத் தூக்கி முதுகுக் கூடையில் போட்டுக்கொண்டு மலையைச் சுற்றி நடக்க ஆரம்பிக்கிறது. தும்பை அதன் பின்னாலேயே ஓடுகிறாள். தும்பைதான் நீங்கள். உங்கள் கையில் ஒரு கவண், இடுப்பில் ஓர் எண்ணெய் விளக்கு. கவணால் மணியை அடித்தால் வாசல் திறக்கும். விளக்கில் எண்ணெய் குறைந்தால் நிழல் நாய்கள் வந்து சூழ்ந்துகொள்ளும். அவற்றைக் கொல்ல முடியாது. விளக்கைத் தூண்டிக் காட்டினால் வாலாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும். இது வீரேந்திரன் போட்ட நிபந்தனை. அவன் ஜைனன். விளையாட்டுக்குக்கூட ஓர் உயிரைக் கொல்லும் படத்தை வரைய மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டான். எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு அந்த நாய்கள் வாலாட்டுவதைப் பார்த்தபின் எரிச்சல் போய்விட்டது.

முதல் வாசலில் ஒரு கல் மாடு முட்ட வரும். அதன் கழுத்து மணியை மூன்று முறை அடித்தால் படுத்துவிடும். அங்கிருந்து குரங்குகள். நீங்கள் அசந்தால் கவண் கற்களைத் திருடிக்கொண்டு மரத்தில் ஏறிவிடும், வாழைப்பழம் கொடுத்தால் திருடியதோடு சேர்த்து வேறெதையாவது எறியும். மழை பெய்தால் பூதத்தின் காலடித் தடங்கள் குட்டையாகிவிடும், நீந்தித்தான் போக வேண்டும். பூதத்தை மட்டும் கடைசி வாசல்வரை எட்டிப் பிடிக்கவே முடியாது. நீங்கள் வேகமாக ஓடினால் அவனும் வேகமாக நடப்பான். அவன் முதுகும் கூடையும், கூடையிலிருந்து எட்டிப் பார்க்கும் வண்டின் தலையும் எப்போதும் ஒரு வளைவுக்கு முன்னால் தெரிந்துகொண்டே இருக்கும். அவன் போடும் உறுமலில் மரமெல்லாம் ஆடும்.

ஊரில் பாதிப் பேர் எங்கள் மாடிக்கு வந்து ஆடிப் பார்த்திருந்தார்கள். ஆட்டோ ஓட்டும் அருணகிரி அண்ணன் சவாரி இல்லாத நேரமெல்லாம் இங்கேதான் இருப்பார். ஆட ஆரம்பிக்கும் முன் செருப்பைக் கழற்றிப் படிக்கட்டில் வைத்துவிடுவார். "மலையைச் சுத்தப் போறோம்ல, காலில செருப்போடவா?" என்பார். அவர் சொன்ன குறைகளையெல்லாம் திருத்தினோம். அம்மா ஆடினாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆடினார்கள், பௌர்ணமிக்கு வந்து தங்கிய பக்தர்கள்கூட ஆடினார்கள். மூன்று வாசல்வரை வேலை முடிந்திருந்தது. அந்த மூன்று வாசலில் ஒரு பிழை கிடையாது என்று நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன்.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. கலையரசனுக்குப் புனேயில் வேலை கிடைத்திருந்தது. பெரிய கம்பெனி. திங்கட்கிழமை காட்பாடியில் ரயில் ஏற வேண்டும். அதற்கு முன்னால், வியாழக்கிழமை, சென்னையில் கேம்களை வெளியிடும் ஒரு கம்பெனியிலிருந்து வேணு என்பவர் எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வருவதாக இருந்தார்.

"அவரு எடுத்துக்கறேன்னா இருக்கேன் அக்கா. இல்லேன்னா போறேன். எத்தனை நாளைக்கு அம்மா சுடற இட்லியத் தின்னுட்டு உக்காந்திருக்கறது?" என்றான் கலை.

"போறவன் போடா" என்றேன். எனக்கு வாய் அப்படித்தான். உண்மையில் அவன் போய்விட்டால் இந்த மாடியில் எனக்கு என்ன இருக்கிறது? ஆட்டத்தை முடிக்க வேறு ஆள் கிடைத்துவிடுவான். என்னோடு சண்டை போட்டுக்கொண்டே ஒரு தட்டில் சாப்பிடும் தம்பி எங்கே கிடைப்பான்? அவன் போகக் கூடாது என்று நான் அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டேன். அவனிடம் மட்டும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மதியம் வேணு வந்தார். நாற்பது வயது இருக்கும், ஒல்லியான ஆள், கண்ணாடி. படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. அம்மா பின்னாலேயே காபியோடு வந்தவள், போகாமல் கதவருகே நின்றுகொண்டாள். அருணகிரி அண்ணன் "நான் சும்மா பாக்கறேன்" என்று படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான்.

"நான் ஆடும்போது யாரும் எதுவும் சொல்லக் கூடாது. என் கம்பெனியில இதான் பழக்கம்" என்று வேணு சொல்லிவிட்டுக் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தார்.

டிவியில் மலை எழுந்தது. பொழுது விடிகிற வெளிச்சம். தும்பை பாதை நடுவில் நின்றாள், அவளுக்கு வலக்கைப் பக்கம் மலை. தூரத்து வளைவில் பூதத்தின் முதுகு மறைந்தது. வண்டின் குட்டித் தலை கூடையிலிருந்து எட்டிப் பார்த்தது. வேணுவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கலை என் கையைக் கிள்ளினான். நானும் அவனைக் கிள்ளினேன்.

அடுத்த நொடி வேணு, தும்பையை அப்படியே திருப்பி, வந்த வழியாக நடக்க விட்டார்.

அறையில் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தோம். அருணகிரி அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். "ஐயோ, அப்பிரதட்சணம்!" என்றாள் அம்மா.

வேணு திரும்பிப் பார்த்தார். "என்னம்மா?"

"ஒண்ணுமில்லீங்க, நீங்க ஆடுங்க" என்றேன், அம்மாவை முறைத்தபடி. அந்தப் பக்கம் நாங்கள் ஒன்றுமே செய்து வைக்கவில்லை. பாதை இருந்தது, மரம் இருந்தது, அவ்வளவுதான். ஒரு நாய் கிடையாது, குரங்கு கிடையாது. ஒரு வேலிகூடப் போடவில்லை. ஏனென்றால் இத்தனை மாதத்தில் ஆடிய ஒருவரும் அந்தப் பக்கம் ஓர் அடி வைக்கவில்லை. மலையைச் சுற்றுவதென்றால் எங்களுக்கு ஒரே வழிதான், மலை வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். இன்னொரு வழி இருக்கிறது என்பது எங்கள் மூன்று பேரில் ஒருவர் தலைக்குள்ளும் நுழையவில்லை.

"நான் எந்த கேம்னாலும் மொதல்ல எதிர்ப் பக்கம்தான் போவேன். அங்கதான் எதையாவது ஒளிச்சு வெப்பாங்க" என்றார் வேணு உற்சாகமாக.

நாங்கள் ஒளித்து வைத்த பொக்கிஷம் எதிரிலேயே வந்துகொண்டிருந்தது. கலை பூதத்தை ஒருமுறை நடக்க விட்டால் அவன் மலையைச் சுற்றிக்கொண்டே இருப்பான். நிறுத்துவதைக் கடைசி வாசல் வேலையின்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தோம். தரை அதிர்ந்தது. வளைவுக்கு அப்பாலிருந்து மலைவிழுங்கி வந்தான், எங்களை நோக்கி, நேருக்கு நேராக.

அவனுக்கு முகம் இல்லை.

கண், மூக்கு, வாய் ஒன்றும் இல்லை. தோளுக்கு மேலே இட்லி மாவை உருட்டி வைத்த மாதிரி மொழுமொழுவென்று ஓர் உருண்டை. எட்டாம் வாசலில்தானே திரும்பப் போகிறான், அப்போது வரைந்துகொள்ளலாம் என்று வீரேந்திரன் விட்டிருந்தான். முதுகுக்கு ஒரு மாதம் உழைத்திருந்தான், கூடைப் பிரம்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். முன்பக்கம் சுத்தம்.

வேணு "ஓ!" என்று கத்தினார். தும்பையைப் பூதத்தின் கால்களுக்கு நடுவில் ஓட விட்டார். எதிரில் வரும் ஒருத்தியைப் பார்த்தால் என்ன செய்வது என்று மலைவிழுங்கிக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவன் பாட்டுக்கு நடந்தான். தும்பை பின்பக்கம் வந்து ஒரே தாவாகக் கூடையைப் பிடித்து ஏறினாள். "அக்கா, வந்துட்டியா!" என்றான் வண்டு. அது கலை குரலைச் சின்னதாக்கிப் பேசியது. எட்டு வாசலையும் தாண்டியபின் கேட்க வேண்டிய வசனம். ஆட்டம் தொடங்கி மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

டேபிள் ஃபேன் மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தது.

"முகமே இல்லாத பூதம்!" என்றார் வேணு. "எனக்கு ஒரு நிமிஷம் சிலிர்த்துப் போச்சு. யாரோட ஐடியா இது?"

"என்னோடதுதான் சார்" என்றேன் நான் உடனே. பொய் சொல்வதில் எனக்குத் தயக்கம் கிடையாது, அதுவும் தம்பியின் ரயில் டிக்கெட் கண்ணில் நிற்கும்போது. "ஒரு மர்மமா இருக்கட்டும்னு..."

"இல்லீங்க" என்றான் வீரேந்திரன். "நான் இன்னும் வரையல."

அவனை அங்கேயே கடித்துத் துப்பியிருப்பேன். பொய் என்றால் அவனுக்கு ஆகாது. அதற்காக இன்றைக்கா?

"ஏன் வரையல?" என்றார் வேணு.

"யாரும் பாக்க மாட்டாங்கன்னு."

"திரும்பி நடந்தா தெரியுமே."

"யாருங்க திரும்பி நடப்பாங்க?" இது அம்மா. அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "மலையை எவனாச்சும் எதிர்ல சுத்துவானா?"

வேணு அம்மாவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், செருப்பில்லாமல் நின்ற அருணகிரி அண்ணனைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். எங்களுக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் சரியாகிவிட்டது போலவே இருந்தது.

பிறகு அவர் கன்ட்ரோலரை மேஜையில் வைத்தார். மறுபடி எடுக்கவில்லை.

"படம் பிரமாதம். நாய், குரங்கு எல்லாம் நீங்க அனுப்பின வீடியோல பார்த்தேன், ரொம்பப் பிடிச்சது. ஆனா உலகம் பூரா பாதிப் பேர் என்னை மாதிரி எதிர்லதான் வருவாங்க. வேலி போட்டு அடைக்கறது ஒரு மணி நேர வேலை. அடைச்சிட்டா இது ஒரு துரத்தற கேம். திருடனைத் துரத்தறோம், கடைசியில பிடிக்கறோம். அந்த மாதிரி எங்ககிட்ட நிறைய வருது." அவர் சொல்வது கெட்ட எண்ணத்தோடு இல்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. "உங்க மேல எனக்கு மரியாதை ஜாஸ்திதான் ஆயிருக்கு. ஆனா இதை எடுத்துக்கறது கஷ்டம்."

அவர் பையைத் தோளில் மாட்டினார். நான் கலையைப் பார்க்கவில்லை. பார்த்தால் உடைந்துவிடுவேன்.

"வேலி போடக் கூடாது சார்" என்றான் கலை.

அவன் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான். கூடைக்குள் வண்டும் தும்பையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, முகமில்லாத பூதம் அவர்களைச் சுமந்துகொண்டு நடந்துகொண்டே இருந்தது.

"அக்கா, நீ எதிர்லதானே வந்த?" என்றான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

கலைக்கு ஐந்து வயது இருக்கும்போது ஒரு பௌர்ணமி சாயங்காலம் நாங்கள் எல்லாரும் கிரிவலம் போனோம். கூட்டத்தில் கலை காணாமல் போய்விட்டான். முன்னால் ஓடியிருப்பான் என்று அம்மாவும் அப்பாவும் முன்னால் ஓடினார்கள். எனக்குப் பதினொரு வயது. அவர்கள் ஒரு பக்கம் ஓடியதால் நான் மிச்சமிருந்த பக்கம் ஓடினேன், வந்த வழியாகவே. அத்தனை ஜனமும் எதிரில் வருகிறது. "ஏம்மா எதிர்ல வர்ற, திரும்பி நட" என்று ஆளுக்கு ஆள் திட்டுகிறார்கள். அப்போது கூட்டத்துக்கு மேலே ஒருத்தன் தோளில் கலையின் தலை தெரிந்தது. பாய்ந்து போய் அந்த ஆளின் கையைக் கடித்தேன், கலையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். பிள்ளை பிடிக்கிறவனிடமிருந்து கீதா தம்பியைக் காப்பாற்றினாள் என்று அன்று முதல் எங்கள் வீட்டில் கதை. நானே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! இந்த ஆட்டமே அதிலிருந்துதான் பிறந்தது. அப்படியிருந்தும், ஆட்டமாகச் செய்ய உட்கார்ந்தபோது தும்பையைச் சமர்த்தாக வலமாகவே ஓட விட்டிருக்கிறேன். பழக்கதோஷம்.

இதை நான் வேணுவிடம் சொன்னேன். அவர் பையைத் தோளில் மாட்டியபடியே கேட்டார்.

"அந்த ஆளு பிள்ளை பிடிக்கிறவன் இல்ல அக்கா" என்றான் கலை.

"இன்னாடா சொல்ற?"

"நான் பலூன் கடையப் பாத்துக்கிட்டு நின்னுட்டேன். நீங்கள்லாம் போயிட்டீங்க. நான் அழுதேன். அவரு வந்து தூக்கித் தோள்ல வெச்சிக்கினாரு. 'உங்கம்மா பேர் இன்னாப்பா'ன்னாரு. 'அம்மா'ன்னேன்." கலை சிரித்தான். "எல்லாரும் முன்னாலதானே போறாங்க, உங்க ஆளுங்களும் முன்னாலதான் இருப்பாங்கன்னு சொல்லிட்டு ஓட ஆரம்பிச்சாரு. போறவங்க வர்றவங்க எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டே ஓடறாரு. தொண்டையே கட்டிப் போச்சு. நான் அழுறேன்னு அவரும் அழுறாரு அக்கா. நீ வந்து கடிச்ச."

அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். "இத்தனை வருஷமா ஏண்டா சொல்லல?"

"யாருமே என்னைக் கேக்கலியே. நீங்களே கதையைச் சொல்லி முடிச்சிட்டீங்க. அக்காவுக்கு எல்லாரும் ஜிலேபி வாங்கிக் குடுத்தீங்க. நானும் சாப்பிட்டேன்."

அருணகிரி அண்ணன் பகபகவென்று சிரித்தார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பாவம், அந்த மனிதரின் கை.

கலை டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். அவன் இப்போது எங்களிடம் பேசவில்லை, வேணுவிடம் பேசினான். "பின்னாலயே போனா இவரு திருடன் சார். கூடையில பிள்ளை, தரை அதிருது, உறுமுறாரு. நாமளும் கவணால அடிச்சுக்கிட்டே போவோம். எட்டு வாசலும் தாண்டிப் பிடிச்சிடலாம், ஜெயிச்சிடலாம். ஆனா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பி எதிர்ல வந்தா முகம் தெரியும். அழுதுக்கிட்டு வருவாரு. அது உறுமலே இல்ல. யார் வீட்டுப் பிள்ளைன்னு தெரியாம, அக்காவைத் தேடிக்கிட்டு முன்னால முன்னால ஓடறாரு. அக்கா பின்னால ஓடறா. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தேடிக்கிட்டு ஒரே பக்கமா சுத்தறாங்க."

வேணு தோளிலிருந்து பையை இறக்கி, மெதுவாகத் தரையில் வைத்தார்.

"அப்ப ரெண்டு முடிவு" என்றார்.

"ரெண்டு முடிவு சார். துரத்திப் பிடிச்சா தம்பி மட்டும் கிடைப்பான். எதிர்ல வந்தா ரெண்டு பேரும் கிடைப்பாங்க."

"எதிர்ப் பக்கம் வெறும் மூணு நிமிஷம்தானே இருக்கு?"

"எதிர்ப் பக்கம்தான் கஷ்டமா இருக்கணும். சுத்தற ஜனம் எல்லாம் எதிர்ல வரும், தள்ளும், திட்டும். நாய்ங்க வழி மறிக்காது, ஜனங்க மறிப்பாங்க. ஒவ்வொருத்தர் முகத்தையும் பாத்துப் பாத்துப் போகணும்."

"அத்தனை முகமும் யார் வரையறது?" என்றான் வீரேந்திரன் திகிலோடு.

"நீதான்."

"எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்டார் வேணு. நாற்காலியை இழுத்து மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

"அடுத்த கார்த்திகை தீபத்துக்குள்ள முடிச்சிடுவேன்" என்றான் கலை.

அவன் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். திங்கட்கிழமை ரயிலேற வேண்டியவன் அடுத்த தீபத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். "முடிச்சிடுவேன்" என்றான், "முடிச்சிடுவாங்க" என்று சொல்லவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவனுக்குப் புனே ஞாபகம் வந்துவிடக் கூடாதே என்று அசையாமல் நின்றேன்.

"எடுத்துக்கறோம்" என்றார் வேணு. "மேல இருக்கறவங்ககிட்ட நான் பேசிக்கறேன், அது என் தலைவலி. ஆனா எனக்கு மொதல்ல அந்த முகம் வேணும். அதைக் காட்டித்தான் பேச முடியும்."

அம்மா "முருகா" என்றாள். அருணகிரி அண்ணன் படிக்கட்டிலிருந்து விசிலடித்தார். கீழே கடையில் காத்திருந்த யாரோ "டீ வருமா வராதா?" என்று கத்தினார்கள். "வராது போ!" என்று அம்மா அங்கிருந்தே கத்தினாள்.

வேணு புறப்பட்டுப் போனதும் வீரேந்திரன் கம்ப்யூட்டரில் வரையும் பேனாவை எடுத்து உட்கார்ந்தான். கலை அவன் தோளுக்குப் பின்னால் நின்றான்.

"மீசை பெருசு. இன்னும் பெருசு. நெத்தியில விபூதி, வேர்வையில வழிஞ்சிருக்கும். புருவம் அப்படி இல்ல, பயந்து போன புருவம்."

"பூதத்துக்கு எப்படிடா பயந்த புருவம் போடறது?"

"பிள்ளையைத் தொலைச்சவங்களுக்கு இருக்குமே, அது."

"இவரு பிள்ளையைத் தொலைக்கலியே. கண்டெடுத்தாருல்ல?"

"அதைவிடப் பயம்டா அது" என்றான் கலை.

அழித்து அழித்துப் போட்டார்கள். உருண்டையில் முதலில் கண்கள் வந்தன, ஈரமாக. பிறகு மீசை. அம்மா ஐந்து மணிக்கே வீரேந்திரனுக்குத் தட்டில் தோசை கொண்டுவந்தாள். பொழுது சாய்ந்தபின் அவர்கள் வீட்டில் சாப்பிட மாட்டார்கள், அதனால் அவனுக்கு மட்டும் எங்கள் கடையில் எப்போதும் முதல் தோசை. அவன் இடக்கையால் வரைந்துகொண்டே வலக்கையால் சாப்பிட்டான். நான் டிவி முன்னால் தரையில் உட்கார்ந்து, இத்தனை வருஷமும் நான் பிள்ளை பிடிக்கிறவன் என்று சொல்லித் திரிந்த மனிதரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வருவதைப் பார்த்தேன். அன்றைக்கு அவரை நான் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. என் கண்ணில் கலை மட்டும்தான் தெரிந்தான்.

"மூக்குதான் சரியா வரல" என்றான் கலை.

அப்போது அவன் போன் அடித்தது. புனேயிலிருந்து. நான் எழுந்து நின்றுவிட்டேன். ஒரு பெண் குரல், திங்கட்கிழமை எத்தனை மணிக்கு ரயில் கிளம்புகிறது, தங்க இடம் பார்த்தாயிற்றா என்று இங்கிலீஷில் கேட்பது எனக்கே கேட்டது. கலை என்னைப் பார்த்தான். வாய்த்துடுக்குக்காரி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமலே என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்கும்.

"சாரி மேடம், நான் ஜாயின் பண்ணல" என்றான் அவனுடைய இங்கிலீஷில்.

அந்தப் பெண் காரணம் கேட்டாள். கலை திரையைத் திரும்பிப் பார்த்தான்.

"ஒன் நோஸ் இஸ் பெண்டிங், மேடம்."

வீரேந்திரன் தோசையோடு புரையேறிச் சிரித்தான். நான் கலையின் தலையில் ஒரு குட்டு வைத்தேன். பிறகு அதே தலையைப் பிடித்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன். "விடுக்கா, அசிங்கமா இருக்குது" என்றான், ஆனால் நகரவில்லை. நான் அழுதேன். சந்தோஷமாகத்தான் அழுதேன், மறைக்கவும் இல்லை.

திரையில் அந்த மனிதர் மூக்கில்லாமல், கண்ணில் நீரோடு, கூடையைச் சுமந்துகொண்டு எங்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவரிடமிருந்து தம்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை, அவர்தான் என்னிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்.